பிரியாத பாக்கெட்

ஒரு காட்டில் கரடி ஒன்று இருந்தது. பார்க்கிற எவருக்கும், "பாவம், இது தூங்கி எத்தனை நாளாயிற்றோ!" என்றுதான் தோன்றும். அப்படி ஒரு உழைப்பாளி.

மற்ற விலங்குகள் தின்றுவிட்டு வீசும் பிளாஸ்டிக் பாக்கெட்டுகளைப் பொறுக்கி வந்து, கழுவிக் காயவைத்து, உலையில் உருக்கிக் குழாய் செய்வது அதன் வேலை. மலைமேல் வற்றாத சுனை ஒன்று உண்டு. அடிவாரத்துக் குளமோ கோடை வந்தால் காய்ந்துவிடும். சுனையிலிருந்து குளம் வரைக்கும் குழாய் போட்டுவிட்டால் தண்ணீருக்காக யாரும் மலை ஏற வேண்டாம். அதற்காகத்தான் கரடி மூன்று வருடமாக உலைக்கு முன்னால் வெந்துகொண்டிருந்தது.

அந்தப் பாக்கெட்டுகளைச் செய்தது நரி. பலாக்காய் வறுவல் விற்கும் சாமர்த்தியசாலி. ஆரம்பத்தில் சாதாரண பிளாஸ்டிக் பையில்தான் விற்றது. பிறகு, வறுவல் மூன்று மாதம் நமத்துப் போகாமல் இருக்கட்டும் என்று உள்பக்கம் வெள்ளித்தாள் ஒட்டியது.

"இன்னும் பளபளப்பு வேண்டும்!" என்றது அதன் கூட்டாளி மயில். மயிலுக்கு அழகு ஒன்றுதான் கவலை. அதனால் நரி வெளிப்பக்கம் வேறு வகைப் பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஒட்டி, ஏழு நிறத்தில் மை பூசியது.

வறுவல் அமோகமாக விற்றது. கரடியின் பாடுதான் திண்டாட்டமாயிற்று. ஒரு தாள் உருகும் சூட்டில் இன்னொரு தாள் உருகவில்லை. வெள்ளித்தாள் துணுக்குத் துணுக்காக மிதந்தது. பசை கருகி நாறியது.

கரடி நரியைத் தேடிப் போனது.

"நரியாரே, மூன்று தாளைச் சேர்த்து ஒட்டாதீர்கள். ஒரே வகைத் தாளில் செய்தால் சுலபமாக உருக்கிவிடுவேன்."

"பாக்கெட் செய்வது என் வேலை, கரடியாரே. உருக்குவது உங்கள் வேலை" என்றது நரி.

அடுத்த மாதமும் கரடி போய்ச் சொன்னது. அதற்கடுத்த மாதமும் சொன்னது. அப்புறம் சொல்வதற்கே அலுத்துப் போய்விட்டது.

அந்த வருடம் கோடை முந்திக்கொண்டு வந்தது. பெண்மான் ஒன்று கரடியிடம் ஓடி வந்தது. குட்டியைத் தவிர வேறு நினைவே இல்லாத தாய் அது.

"கரடி அண்ணா, குளத்தில் சேறுதான் மிச்சம். குழாய் எப்போது வரும்?"

"இன்னும் கொஞ்ச தூரம்தான் பாக்கி, அம்மா. ஆனால் நல்ல பிளாஸ்டிக் கிடைக்கவில்லையே."

"கிடைப்பதை வைத்துச் செய்யுங்கள், அண்ணா. என் குட்டியால் தினமும் மலை ஏற முடியவில்லை."

கரடியால் மறுக்க முடியவில்லை. புதுப் பாக்கெட்டுகளை அப்படியே உலையில் கொட்டியது. கட்டியும் முட்டியுமாகக் கடைசிக் குழாய்கள் தயாராயின.

ஒரு காலையில் கரடி சுனைக் குழாயின் வாயைத் திறந்துவிட்டது. விலங்குகளெல்லாம் குளத்தங்கரையில் காத்து நின்றன. பாதி மலையில் 'படீர்' என்று சத்தம் கேட்டது. வெள்ளித் துணுக்கு இருந்த இடமெல்லாம் குழாய் வெடித்து, வந்த தண்ணீர் முழுவதும் பாறை இடுக்கில் இறங்கிவிட்டது.

மான் மறுபடி குட்டியைக் கூட்டிக்கொண்டு மலை ஏறியது. வெயிலில் குட்டி வழியிலேயே சுருண்டு விழுந்தது. கரடி இலையில் தண்ணீர் மொண்டு ஓடிவந்து அதன் வாயில் ஊற்றியது. குட்டி கண் திறந்தது. எழுந்து நிற்கத்தான் முடியவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. தன்மேல் பழி வருமோ என்று பயந்த நரி முந்திக்கொண்டது.

"உருக்கத் தெரியாதவரிடம் வேலையைக் கொடுத்தால் இப்படித்தான்! தாள்களைப் பிரித்துவிட்டு உருக்கினால் போயிற்று. இதெல்லாம் ஒரு வேலையா?"

கரடிக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே! காலி பாக்கெட் ஒன்றை எடுத்து நரியின் முன்னால் வைத்தது.

"ஒன்றே ஒன்றைப் பிரித்துக் காட்டுங்கள். மற்றவற்றை நான் பிரித்துக்கொள்கிறேன்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் நரியால் நழுவ முடியவில்லை. நகத்தால் சுரண்டியது. பல்லால் இழுத்தது. வெந்நீரில் ஊறப்போட்டது. மணலில் தேய்த்தது. பாக்கெட் கிழிந்ததே தவிரப் பிரியவில்லை. வெயில் சாய்ந்தபோது நரியின் நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது.

"ஒட்டியவன் நான். எனக்கே பிரிக்கத் தெரியவில்லை" என்று அது மெதுவாகச் சொன்னது.

யாரும் சிரிக்கவில்லை. நரியே மறுபடி கேட்டது: "வெள்ளித்தாள் இல்லாவிட்டால் வறுவல் மூன்று மாதம் தாங்காதே?"

"எத்தனை நாள் தாங்கும்?" என்றது கரடி.

"ஒரே வகைத் தாளைக் கொஞ்சம் தடிமனாகப் போட்டால், இருபது நாள்."

"உங்கள் வறுவலை வாங்கி இருபது நாள் வைத்திருந்தவர் இந்தக் காட்டில் யார்?" என்று மான் கேட்டது.

யாரும் இல்லை. வாங்கிய இடத்திலேயே தின்று தீர்ப்பதுதான் எல்லாருக்கும் வழக்கம்.

"அப்படியானால் என் நிறங்கள்?" என்று மயில் பதறியது.

"காகிதப் பட்டையில் நிறத்தைப் பூசி, பாக்கெட்டின்மேல் சுற்றிவிடுங்கள். உருவினால் கையோடு வந்துவிடும்" என்று கரடி யோசனை சொன்னது.

"பார்க்க அவ்வளவு அழகாக இருக்காதே!"

"இருக்காது" என்றது கரடி.

நரி அன்றே பசைச் சட்டியைக் கவிழ்த்துவிட்டது. மறுவாரம் முதல் எல்லாப் பாக்கெட்டும் ஒரே வகைத் தாளில் வந்தது. பட்டையை உருவிப் போட்டால் உலையில் எண்ணெய்போல உருகியது. உடைந்த குழாய்களையெல்லாம் கரடி மாற்றியது. அடுத்த கோடையில் சுனைத் தண்ணீர் குளத்துக்கு வந்தது. அந்தக் கோடையில் மான்குட்டி மலை ஏறவில்லை.

பசை ஒட்டிய பழைய பாக்கெட்டுகள் மட்டும் உலைக்குப் பின்னால் குன்றுபோலக் குவிந்து கிடந்தன. அவற்றை என்ன செய்வதென்று கரடிக்கும் தெரியவில்லை, நரிக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் அங்கேயே கிடக்கின்றன.

நீதி: பிரிக்க முடியாதபடி ஒரு பொருளைச் செய்கிறவன், தன் வேலையில் பாதியைப் பிறர் முதுகில் ஏற்றுகிறான்.