அண்ணன் சொன்ன நோய்

“இவனுக்கு எந்த டாக்டர் சரிப்பட்டு வருவாங்கம்மா?”

கேட்டது நோயாளி அல்ல, நோயாளியின் அண்ணன் மாரப்பன்.

மடத்தை நடத்தும் சிவகாமி அம்மைக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. வந்த இருவருக்கும் தலை நரைத்திருந்தது.

அம்மை, நோயாளியான தம்பி செங்கோடனைப் பார்த்து, “உங்களுக்கு என்ன செய்யுது?” என்று கேட்டார்.

“தூக்கம் இல்லீங்க. சோறு இறங்கறதில்லீங்க. இவன் பொண்ணு செத்து ஏழு மாசம் ஆச்சு. போன வாரம் தானும் போயிடறேன்னு எழுதி வெச்சிருந்தான்,” என்றார் மாரப்பன்.

“யார் யாரைப் பார்த்தீங்க?” அம்மை இப்போதும் செங்கோடனைத்தான் கேட்டார்.

“மனசுக்குப் பார்க்கறவங்க மூணு பேரைப் பார்த்தாச்சுங்க. முதல் ஆள் ஈரோட்டுல. கடிகாரத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. ரெண்டாவது சேலத்துல, ஒரு சின்னப் பொண்ணு. அதுக்கு என்னங்க தெரியும்? மூணாவது ஆள் நல்ல மனுஷன். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கிட்டாரு. ஆனாலும் குணமாகல.”

இதற்கும் மாரப்பன்தான் வாய் திறந்தார்.

மாரப்பன் கெட்டவர் அல்ல. தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். பெண் பார்ப்பதோ, காடு கழனி வாங்குவதோ, துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குப் பதில் சொல்வதோ, அந்தக் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் அவர்தான் வாய். ஊரில் அதைப் பெருமையாகவே சொன்னார்கள்.

அம்மை ஒரு குடத்தை எடுத்து மாரப்பனிடம் கொடுத்தார்.

“பின்னால அரளிச் செடி வாடிக் கெடக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு குடம் ஊத்திட்டு வாங்க.”

“எத்தனை செடிங்க?”

“நாப்பது.”

மாரப்பன் தம்பியைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். துறவி சொன்னால் தட்ட முடியுமா? போனார்.

அம்மை ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் ஆறேழு தடவை தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

“எம் பொண்ணு மேகலா ஒரு பையனை விரும்புனா. அண்ணன் வேண்டாம்னுட்டாருங்க.” பேசிப் பழகாத குரல். “அன்னைக்குச் சாயங்காலம் எங்கிட்ட வந்தா. ‘பெரியப்பா சொல்லிட்டாரு. நீங்க என்னப்பா சொல்றீங்க?’ன்னு கேட்டா.”

“என்ன சொன்னீங்க?”

“அதான் பெரியப்பா சொல்லிட்டாரேன்னு சொன்னேன்.”

விடிந்தபோது மேகலா உயிரோடு இல்லை.

செங்கோடன் அழுதார். ஏழு மாதமாக அழ வேண்டியதை அழுதார். அம்மை தடுக்கவில்லை.

“இதை யார்கிட்டயும் சொன்னதில்லீங்க. உங்ககிட்ட சொல்லிட்டேன். இனி எதுக்குங்க வேற ஆளு? இங்கயே வந்துடறேன்.”

“ஒரு தடவை சொல்லி ஆறுற புண்ணா இது? எனக்குக் கேட்கத்தான் தெரியும். மருந்து போடத் தெரியாது.”

“அப்ப யார்கிட்டதாங்க போறது?”

“அந்த மூணு பேர்ல, உங்க அண்ணனை வெளிய உட்காரச் சொன்னது யாரு?”



“சேலத்துப் பொண்ணு. அண்ணனுக்குக் கோபம் வந்துருச்சு. எந்திரிடான்னாரு. எந்திரிச்சு வந்துட்டேன்.”

மாரப்பன் நனைந்த வேட்டியோடு வந்து குடத்தைக் கீழே வைத்தார்.

“அம்மா என்னடா சொல்றாங்க? யார்கிட்டப் போகோணுமாம்?” தம்பியைக் கேட்டுவிட்டு, வழக்கம்போலப் பதிலுக்கு அம்மையின் முகத்தைப் பார்த்தார்.

அம்மை செங்கோடனையே பார்த்தார்.

செங்கோடன் வாய் திறந்தார். இரண்டு முறை முயன்றும் குரல் வரவில்லை. மாரப்பன் பொறுமை இழந்து அவர் தோளைத் தொட்டார்.

“சேலத்துக்குப் போறனுங்ணா,” என்றார் செங்கோடன். “நீங்க வர வேண்டாமுங்க.”