ரெண்டாவது அப்பாவைக் காணோம்

என் கையில இருக்குற இந்த மாலையா? பொண்ணோட ரெண்டாவது அப்பாவுக்கு சார். சிரிக்காதீங்க. மைக் செட் போட வந்தவன் நான், பொய் சொல்லி எனக்கென்ன ஆகப்போகுது?

இன்னிக்கு ஒரே மேடையில அக்கா, தங்கச்சி ரெண்டு பேருக்கும் கல்யாணம். அப்பா ஒருத்தர்தான், தில்லைநாயகம். யாருக்கு எந்த நாற்காலி, யாருக்கு மாலைன்னு கம்ப்யூட்டர்தான் சொல்லும். அதைப் பாத்துக்க ரெண்டு பசங்க, குணாளனும் எட்டியப்பனும்.

கரண்ட் போனா கம்ப்யூட்டர்ல ஓடுற புரோகிராமுக்கு எல்லாம் மறந்துடும். அதனால மண்டபத்துக்காரர் நேத்து, "ஒவ்வொருத்தரையும் எழுத்தா எழுதி கம்ப்யூட்டர்ல வைங்கடா. அவங்கவங்க சொந்தத்தையும் கூடவே எழுதுங்க, விட்டுடாதீங்க"ன்னாரு.

விடல. அக்காவை எழுதினாங்க. கூடவே அவ மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்குச் சொந்தம் யாரு? அக்கா. அவளுக்கு? மாப்பிள்ளை. பொழுது சாயற வரைக்கும் இதே ஜோடி. கம்ப்யூட்டர் ரொம்பிப்போய் நின்னுடுச்சு.

"என்னா நெருக்கம் பாரு!"ன்னான் எட்டியப்பன்.

அப்புறம் மாப்பிள்ளைங்களை வெட்டிவிட்டுட்டு, அக்காவுக்குக் கீழ அப்பா, தங்கச்சிக்குக் கீழ அப்பான்னு எழுதி முடிச்சானுங்க.

காலையில கரண்ட் போச்சு, வந்துச்சு. எழுதினதைத் திரும்பப் படிச்சா புரோகிராம்ல ரெண்டு தில்லைநாயகம். ரெண்டு நாற்காலி, ரெண்டு மாலை.

"ஒரே ஆளா இருக்குமோ?"ன்னான் குணாளன்.

"போடா. எங்க தெருவுல மூணு செல்வம் இருக்கான். மூணும் ஒரே ஆளா?"

அதுக்குள்ள பெரியவர் தில்லைநாயகம் வந்து அக்கா பக்கத்து நாற்காலியில உக்காந்தாரு. "முகூர்த்தம் போகுது, மேளத்தைத் தட்டச் சொல்லுங்கப்பா!"

"தங்கச்சியோட அப்பா வரட்டும் ஐயா."

"அதுவும் நான்தான்டா!"

"அப்படி எழுதலையே. நாற்காலி ரொம்பாம மேளம் தட்டக்கூடாதுன்னு உத்தரவு."

பெரியவர் அழாத குறை. எனக்கே பொறுக்கல. "ஐயா, தங்கச்சி அப்பாவைத் தேடிட்டு வர்றேன்னு சொல்லிட்டு முன்வாசல் வழியா வெளிய போயி, சமையக்கட்டு வழியா உள்ள வந்து தங்கச்சி பக்கத்துல உக்காருங்க. இவனுங்களுக்கு அது போதும்"னு காதுல சொல்லி அனுப்பினேன். இப்பதான் போனாரு. முகூர்த்தத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு...

"அண்ணே! மைக் அண்ணே! ரெண்டாவது அப்பா கிடைச்சுட்டாரு!"

பாத்தீங்களா சார்? மூளைன்னா இது. சரிடா, மேளத்தைத் தட்டச் சொல்லு!

"எப்படிண்ணே தட்டுறது? இவரைத் தேடிப்போன முதல் அப்பாவைக் காணோமே! மைக்ல கூப்பிடுங்க, சீக்கிரம்!"

வர்றேன்டா. சார், இந்த மாலையைக் கொஞ்சம் பிடிங்க.