நின்றுபோன பம்பு

ரிவ்யூ நாளில் எந்தப் புராஜெக்ட் ஒரு நொடி நின்றாலும் மதிப்பெண் சைபர். துறைத்தலைவர் அம்பலவாணன் வைத்ததுதான் சட்டம். இளவேனில் செய்த தானியங்கிப் பம்போ அவர் கண்ணெதிரிலேயே நின்றது.

"கிரிதரோடதைப் பாரு, நிக்காம ஓடுது. அதுதான் சொந்த உழைப்பு. உனக்கு சைபர்."

இளவேனில் மூடியைக் கழற்றினாள், விட்டுப்போன ஒயரைச் செருகினாள், பம்பு ஓடியது.

"சைபரே போடுங்க சார். அதுக்கு முன்னாடி கிரிதரோடதுலயும் ஒரு ஒயரைப் பிடுங்குங்க. அவனும் மாட்டி ஓட்டட்டும்."

"அதுக்கென்ன?" என்று அவர் மிடுக்காகக் கையை நீட்டினார். கிரிதர் பாய்ந்து பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம் சார். மூடியைத் திறக்கவே கூடாதுன்னு கடையில சொல்லியிருக்காங்க."

வகுப்பு சிரித்து ஓய்ந்ததும் இளவேனில் பணிவாகக் கேட்டாள்.

"என்னோடதை இன்னொரு தடவை நிறுத்திக் காட்டட்டுமா சார்?"