கடைசி சைக்கிளில் சிவப்புத் துணி

ஞாயிற்றுக்கிழமை தியானம் முடிந்து எல்லோரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பரஞ்சோதி மட்டும் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

"முட்டி பிடிச்சுக்கிச்சா?" என்று கேட்டார் குணவதி அம்மா.

"இல்லம்மா. ஒரு கேள்வி."

குணவதி அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது. ஒரு பெண்கள் பள்ளியில் பன்னிரண்டு வருஷம் விளையாட்டு டீச்சராக இருந்தவர். திடீரென்று ஒருநாள் வேலையை விட்டார். அரிசி மில் மாடியில் பத்துப் பாயை விரித்து, வருகிறவர்களைச் சும்மா உட்காரப் பழக்கினார். விசில் மட்டும் இன்னும் கழுத்தில் தொங்கியது. தியானத்தில் யாராவது குறட்டை விட்டால் ஊதுவார்.

பரஞ்சோதிக்கு அறுபத்தாறு. ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். தன்னைவிட இருபது வயது இளையவரைக் குரு என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வீட்டில்தான் சிரித்தார்கள்.

"கேளுங்க ஐயா."

"பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ரிப்போர்ட் எழுதினேன். ஒரே வரி. அது சரியா, தப்பான்னு எனக்குத் தெரியணும்."

ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பலகை மாட்டியிருப்பார்கள். அது கண்ணில் பட்டால்தான் வண்டி முழுசாக வந்தது என்று அர்த்தம். நடுவில் கொக்கி அறுந்து நாலு பெட்டி வழியிலேயே நின்றுவிட்டால், அடுத்து வருகிற வண்டி அதில் போய் மோதும். அதனால் ஸ்டேஷன் மாஸ்டர் பிளாட்பாரத்தில் நின்று பலகையைத் தன் கண்ணால் பார்த்தாக வேண்டும். அன்றைக்கு மத்தியானப் பாசஞ்சரில் பலகை இல்லை. அதை மாட்டுவது கடைசிப் பெட்டியில் வருகிற கார்டின் பொறுப்பு. அந்த வண்டிக்குக் கார்டு சவரிமுத்து. பரஞ்சோதியின் உயிர்ச் சிநேகிதர்.

"பெட்டியை எண்ணிப் பார்த்தேம்மா. ஏழும் இருந்துச்சு. ஆபத்து ஒண்ணும் இல்ல. ஆனாலும் ரூல்னு ஒண்ணு இருக்கே. 'கடைசிப் பெட்டியில் பலகை இல்லை'ன்னு எழுதி அனுப்பிட்டேன்."

"அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"ஏதோ சொல்ல வந்தான். எழுதிக் குடு, மேல அனுப்பறேன்னு சொன்னேன். அவன் எழுதித் தரல."

சவரிமுத்துவுக்கு வரவேண்டிய பதவி உயர்வு போனது. தண்ணி இல்லாக் காட்டுக்கு மாற்றினார்கள். பெண்டாட்டி பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டு மூன்று வருஷம் அங்கே கிடந்தார்.

"திரும்பி வந்து சண்டை போட்டாரா?"

"போட்டிருந்தா தேவலையேம்மா. என் பொண்ணு கல்யாணத்துக்கு முத ஆளா வந்து பந்தி பரிமாறினான். ஆனா 'டா' போயிடுச்சு. முன்னெல்லாம் வாடா, போடாதான். இப்ப 'வாங்க சார், உக்காருங்க சார்'. பதினெட்டு வருஷமா சார். அதைக் கேக்குறப்பல்லாம் யாரோ கன்னத்துல அறையுற மாதிரி இருக்கும்மா."

"சரின்னு நான் சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"மனசு ஆறிடும்."

"தப்புன்னா?"

"அவன் கால்ல விழுந்துடுவேன்."

குணவதி அம்மா விசிலைச் சற்று நேரம் விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அந்த லைன் இன்னும் இருக்கா?"

"தண்டவாளத்தைப் பேர்த்துட்டாங்கம்மா. மேடு மட்டும் கடல் வரைக்கும் அப்படியே கிடக்கு."

"சைக்கிள் போகுமா?"

"போகும். நாலு நாள் ஆகும்."

"ஐப்பசி பொறந்ததும் கிளம்பலாம். அவரையும் கூட்டிட்டு வாங்க."

இதைக் கேட்டு ராத்திரியெல்லாம் பரஞ்சோதிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சவரிமுத்துவைக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. நைனா முகமதுவைத்தான் தூது அனுப்பினார். நைனா முகமது அதே லைனில் இன்ஜின் ஓட்டியவர். சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் அவரால் ஐந்து நிமிஷம் இருக்க முடியாது. "முடிவுல கடல் இருக்கு சவரி. கடல்னா வஞ்சிர மீன் இருக்கு" என்றாராம். சவரிமுத்து வருகிறேன் என்றுவிட்டார்.

கிளம்புகிற அன்று காலையில் பரஞ்சோதி ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வந்து, எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று நாலு நாளுக்கும் கட்டம் போட்டு எழுதியிருந்தார். டீ குடிக்க ஏழு நிமிஷம்.

"ஒண்ணுக்குப் போக எத்தனை நிமிஷம் மாஸ்டர்?" என்றார் நைனா முகமது.

சவரிமுத்து தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நல்லா போட்டிருக்கீங்க சார்" என்றார்.

குணவதி அம்மா தாளை வாங்கிப் பைக்குள் போட்டுவிட்டு, அதே பையிலிருந்து அரை மீட்டர் சிவப்புத் துணியை எடுத்தார். தன் சைக்கிள் கேரியரின் பின்னால் கட்டினார்.

"நீங்க முன்னாடி போகணும்மா," என்றார் பரஞ்சோதி. "குரு பின்னாடி வந்தா நல்லா இருக்காது."

"இது ரயில் லைன் ஐயா. கடைசியில ஒரு அடையாளம் வேணும்னு நீங்கதானே சொன்னீங்க? நான்தான் கடைசி. என்னையும் துணியையும் பார்த்தா எல்லாரும் வந்தாச்சுன்னு வெச்சுக்குங்க."

இப்படித்தான் புறப்பட்டார்கள். முதலில் பரஞ்சோதி, பிறகு நைனா முகமது, பிறகு சவரிமுத்து, கடைசியில் குணவதி அம்மா. இரண்டு பக்கமும் சம்பா நாற்று நட்டு வயலெல்லாம் தண்ணீர் நின்றது. வெயில் சுள்ளென்று அடிக்கவில்லை; நாலு தூறல் போட்டுவிட்டு வானம் மறுபடி வெளுத்தது. மேட்டில் ஒருத்தர் பின்னால் ஒருத்தர் போகத்தான் இடம் இருந்தது. பரஞ்சோதிக்கு அது சௌகரியமாகப் போயிற்று. சவரிமுத்து முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

பழைய ஸ்டேஷன் ஒவ்வொன்றிலும் முதலில் போய் இறங்கிக் கையில் கடிகாரத்தோடு நிற்பார். சிவப்புத் துணி வந்து சேர்ந்ததும் தாளில் நேரம் குறிப்பார். குறித்துவிட்டு குணவதி அம்மாவிடம் போவார்.

"அம்மா, என் கேள்வி?"

"நாளைக்கு."

இரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வராந்தாவில் ஒதுங்கினார்கள். கால அட்டவணை மூன்றரை மணி நேரம் தாமதம். பரஞ்சோதி கூண்டுப் புலி மாதிரி குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"அம்மா, என் கேள்வி?"

"மழை விடட்டும்."

மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு டீக்கடையில் சுடச்சுட வெங்காய பஜ்ஜி கிடைத்தது. நைனா முகமது ஐந்து தின்றார். தட்டில் கடைசியாக ஒன்று மிஞ்சியது. வாலிப வயதில் இப்படிக் கடைசி பஜ்ஜிக்காகப் பரஞ்சோதியும் சவரிமுத்துவும் சட்டை கிழியச் சண்டை போட்டிருக்கிறார்கள். சவரிமுத்து தட்டைப் பரஞ்சோதி பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துக்குங்க சார்."

"நீ எடுத்துக்க சவரி."

"பரவாயில்ல சார். நீங்க எடுத்துக்குங்க."

பரஞ்சோதி டீ கிளாஸை வைத்துவிட்டுச் சைக்கிளைத் துடைக்கப் போனார். அந்த பஜ்ஜியை நைனா முகமது சாப்பிட்டார்.

நாலாம் நாள் காலையில் குணவதி அம்மா தன் கேரியரிலிருந்து சிவப்புத் துணியை அவிழ்த்துப் பரஞ்சோதியிடம் நீட்டினார்.

"இன்னிக்கு நான் முன்னாடி போறேன். நீங்க கடைசி."

"நானா? நேரம் யார் பார்க்கிறது?"

"நான் பார்க்கிறேன். உங்க தாள் என்கிட்டதான் இருக்கு."

பரஞ்சோதி துணியைக் கேரியரில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். இழுத்துப் பார்த்தார். திருப்தியாக இருந்தது. ஏறி மிதித்தார்.

ஐந்து மைல் போனதும்தான் உறைத்தது: இனி கடல் வரைக்கும் கண்முன்னால் சவரிமுத்துவின் முதுகுதான். நரைத்த பிடரி. வலது பக்கம் லேசாகச் சாய்ந்து மிதிக்கிற மிதி. கார்டு பெட்டியில் நின்று நின்று வந்த இடுப்பு வலி அது. இந்த மனுஷனுக்கு இவ்வளவு வயதாகிவிட்டதா என்று பரஞ்சோதி நினைத்தார். கூப்பிட வாயைத் திறந்தார். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டார்.

பதினோரு மணி வாக்கில் ஓர் உடைப்பு வந்தது. மழைத் தண்ணீர் மேட்டை அறுத்துக்கொண்டு போயிருந்தது. குணவதி அம்மாவும் நைனா முகமதுவும் முன்பே தாண்டிப் போய்விட்டார்கள். சவரிமுத்து பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். நடுவில் கல் புரண்டது. சைக்கிளோடு விழுந்தார்.

"சவரி!"

பரஞ்சோதி தன் சைக்கிளைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்தார். சவரிமுத்துவின் கெண்டைக்காலில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து ரத்தம் கொட்டியது. பரஞ்சோதியின் தோளிலிருந்த துண்டு தண்ணீரில் விழுந்து சேறாகக் கிடந்தது. தன் சைக்கிளுக்குத் திரும்பி ஓடினார். சிவப்புத் துணியின் மூன்று முடிச்சும் இறுகியிருந்தன. பல்லால் கடித்து அவிழ்த்தார். துணியை மடித்துக் காலில் சுற்றிக் கட்டினார்.

"லேசான காயந்தான் சார்."

"பேசாம இரு."

இரண்டு சைக்கிளையும் அவரே தூக்கிக் கரை சேர்த்தார். சவரிமுத்து பேண்ட்டைக் கட்டுக்கு மேல் இறக்கிவிட்டுக்கொண்டார்.

"மிதிக்க முடியுமா?"

"முடியும். நீங்க முன்னாடி போங்க சார்."

"நான் கடைசி," என்றார் பரஞ்சோதி.

கடைசி ஸ்டேஷனில் கூரை இல்லை. கல் பிளாட்பாரமும், அதன் கோடியில் கடலைப் பார்த்தபடி ஒரு சிமென்ட் பெஞ்சும்தான் மிச்சம். குணவதி அம்மா பிளாட்பாரத்தின் இந்த முனையில் நின்றிருந்தார். நைனா முகமதுவைக் காணோம். மீன் விசாரிக்கப் போயிருந்தார். சவரிமுத்து இறங்கி, நொண்டிக்கொண்டே அந்தக் கோடிக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். பின்னாலேயே பரஞ்சோதி வந்து நின்றார்.

"முழுசா வந்தாச்சும்மா," என்றார் மூச்சு வாங்க.

குணவதி அம்மா நடந்து அவர் சைக்கிளின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். பையிலிருந்து அந்தக் கால அட்டவணைத் தாளை எடுத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதி நீட்டினார்.

"படிச்சுப் பாருங்க ஐயா."

பரஞ்சோதி படித்தார். 'மணி 1.40. கடைசி சைக்கிளில் சிவப்புத் துணி இல்லை.'

அவர் திரும்பிக் கேரியரைப் பார்த்தார். இல்லைதான். வழியெல்லாம் அந்த நினைப்பே அவருக்கு வரவில்லை.

"எழுதினது சரியா, தப்பா?" என்று கேட்டார் குணவதி அம்மா.

"சரிதாம்மா. ஆனா அங்க ஒரு உடைப்பு..."

"துணி இருக்கா?"

"இல்ல. அதைத்தான் சொல்ல வரேன், சவரிமுத்து..."

"இல்லேன்னு எழுதியிருக்கேன். சரிதானே?"

"சரிதாம்மா! யாரு இல்லேன்னா? ஆனா எதுக்காகன்னு கேக்க வேணாமா?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. குருவிடம் குரல் உயர்த்துவது இதுதான் முதல் தடவை. "ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்கம்மா!"

குணவதி அம்மா பென்சிலை அவரிடம் நீட்டினார்.

"எழுதிக் குடுங்க," என்றார். "மேல அனுப்பறேன்."

பரஞ்சோதி பென்சிலை வாங்கிக்கொண்டார். தாளையும் பென்சிலையும் மாறி மாறிப் பார்த்தார். காது மடல் இரண்டும் சுட்டன. குணவதி அம்மா விசிலை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டு, மீன் என்ன ஆயிற்று என்று பார்க்கப் போய்விட்டார்.

பிளாட்பாரம் நெடுக நடந்து பரஞ்சோதி பெஞ்சருகே போய் நின்றார். சவரிமுத்து காலை நீட்டிப் போட்டு, பேண்ட்டைச் சுருட்டிக் கட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

"சவரி."

"சொல்லுங்க சார்."

"அன்னிக்கு ஏதோ சொல்ல வந்தியே. நான் கேக்கல." பரஞ்சோதி பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார். "பலகை ஏன் இல்ல?"

சவரிமுத்து கட்டை விட்டுவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு நீட்டியிருந்த காலை மெல்ல மடக்கி, பெஞ்சில் பக்கத்தில் இடம் விட்டார்.

"உக்காருடா," என்றார். "பெரிய கதை."