வலது குச்சி

ஜெனோவாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது தூத்துக்குடி பழைய பேருந்து நிலையத்தில். கையில் எக்ஸ்ரே உறை வைத்திருந்தார். பக்கத்தில் உட்காரச் சொன்னேன். உட்காராமலே கேட்டார்.

"தனியாவா சமைச்சுச் சாப்பிடுதீங்க?"

"ஆமா. வீட்டுக்காரி போன பிறகு பழகிட்டு."

உறையைக் கை மாற்றிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அந்த வலது குச்சி இன்னும் இறுக்கமாத்தான் இருக்காண்ணே?"

நான் பதில் சொல்வதற்குள் திருநெல்வேலி பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டார்.

அவருடைய வீடியோ கேம் கடை பீச் ரோட்டுக்குப் பின்னால், வலைக் கிடங்கை ஒட்டி இருந்தது. அண்ணன் வாங்கிப் போட்டுவிட்டுக் கப்பலுக்குப் போய்விட்டார். தங்கை ஜெனோவா நடத்தினார். கார் ஓட்டும் பெட்டி, துப்பாக்கி சுடும் பெட்டி எல்லாம் இருந்தன. ஆனால் கூட்டம் நின்றது ஒரே பெட்டியின் முன்னால்தான். அது சண்டைப் பெட்டி. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடுவார்கள். ஆளை நகர்த்த இடது பக்கம் ஒரு குச்சி, வலது பக்கம் ஒரு குச்சி; உதைக்கும் பிடிக்கும் தனிப் பொத்தான்கள். ஜெயித்தவன் நிற்பான், தோற்றவன் விலகுவான். அடுத்தவன் தன் டோக்கனைத் திரைக்குக் கீழே கண்ணாடி விளிம்பில் வைத்துவிட்டுக் காத்திருப்பான்.

இது எல்லாக் கடையிலும் உள்ளது. ஜெனோவாவின் கடையில் இன்னொன்றும் இருந்தது. ஜெயித்தவன், எதனால் ஜெயித்தேன் என்று தோற்றவனிடம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அடுத்த டோக்கன் உள்ளே விழும். டோக்கனை ஜெனோவாவே போடுவார்.

"நீ குதிச்சுக் குதிச்சு வார. நான் கீழ நின்னு காத்துக்கிட்டே இருந்தேன்" என்று சொன்னால் போதும்.

"இவனுக்கெல்லாம் எதுக்குக்கா விளையாட்டு" என்று சொன்னால் டோக்கன் விழாது.

"அது ஏச்சு. காரணத்தைச் சொல்லு" என்பார்.

மூட்டை தூக்குகிறவர்கள், உப்பளத்து ஆட்கள், பாலிடெக்னிக் பையன்கள் என்று பலரும் வந்தார்கள். இன்று பலித்த வித்தை நாளை பலிக்காது, சொல்லிக் கொடுத்தாகிவிட்டதே. ஜெயித்தவன் புதிதாக ஒன்று தேட வேண்டும். அப்படித்தான் எங்கள் கை தேறியது. மத்தியானச் சோறு ஆறிப்போனாலும் யாரும் நகர மாட்டார்கள்.

தஸ்நேவிஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஜெனோவாவைவிட மூத்தவர். முதல் நாள் ஜெனோவாவிடம் தோற்று, காரணத்தைக் கேட்டுக்கொண்டு, "சரிங்க மாஸ்டர்" என்றார். கேலியாகத்தான். பிறகு கேலி போய்விட்டது. பெயர் நிலைத்துவிட்டது.

ஓர் ஆண்டு மதுரையிலிருந்து ஒரு கடையின் ஆட்கள் போட்டிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். போர்டுக்குப் போர்டு. போர்டு என்பது பெட்டிக்குள் இருக்கும் பச்சைப் பலகை. விளையாட்டு முழுவதும் அதில்தான் இருக்கிறது. தோற்ற கடையின் போர்டு ஜெயித்த கடைக்குப் போய்விடும். எங்களிடம் இருந்தது அந்த ஒன்றுதான். அது போனால் பெட்டி வெறும் மரம்.

"மாட்டேன்னு சொல்லிரலாம்க்கா" என்றான் இசக்கி. உப்பளத்தில் வேலை செய்கிறவன். எங்களில் நல்ல கை அவனுடையது.

"நம்ம பழகினது சரியா தப்பான்னு வெளியாள் வந்தாத்தான் தெரியும்" என்றார் ஜெனோவா. மூன்று பேர் ஆடுவது என்று முடிவானது. நான், தஸ்நேவிஸ், இசக்கி.

அந்தச் சமயத்தில்தான் தஸ்நேவிஸ் ஒன்றைக் கண்டுபிடித்தார். எதிராளியைத் திரையின் மூலைக்குத் தள்ளுவார். கீழே மூன்று உதை. மூன்றாவது உதை முடியும்போதே ஒரு பிடி, தூக்கி எறிவார். எழுந்தால் மறுபடியும் உதை. யாராலும் வெளியே வர முடியவில்லை.

முதலில் அகப்பட்டவன் இசக்கி.

"எப்படிண்ணே?"

"கை வேகம்."

"உங்க கை கிரேன்ல இம்புட்டு வேகமாப் போனா கப்பல் கவுந்துரும். உண்மையைச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தஸ்நேவிஸ் சிரிக்கவில்லை.

ஜெனோவா டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். "கை வேகமாண்ணே?"

"ஆமா மாஸ்டர்."

"உங்க வார்த்தையை நம்பிப் போடுதேன்." டோக்கன் விழுந்தது.

அடுத்த நாளும் கை வேகம். அதற்கடுத்த நாளும் அதுதான். இசக்கி விளிம்பில் டோக்கன் வைப்பதை நிறுத்தினான். பிறகு மற்றவர்களும். கார் பெட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். சண்டைப் பெட்டியின் விளிம்பு காலியாகக் கிடந்தது. போட்டிக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

தஸ்நேவிஸ் ஜெனோவாவின் மேசைக்கு வந்தார்.

"மாஸ்டர், ஞாயித்துக்கிழமை வரைக்கும் இது என்கிட்டயே இருக்கட்டும். இசக்கிக்கு மதுரையில சொந்தக்காரன் இருக்கான். வாய் தவறும்."

"இசக்கி அப்படியா?"

அவர் தலை குனிந்தார். பிறகு மெல்லக் கேட்டார். "எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டா எனக்குன்னு என்ன மிஞ்சும்?"

 ஜெனோவா டிராயரிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பெட்டியின் முன்னால் முழங்காலிட்டு, அடியில் கைவிட்டு, வலது குச்சியைக் கழற்றினார். அந்த இடத்தில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது.

"என்ன மாஸ்டர் இது?"

"விளையாடுங்க. உங்களுக்குன்னுதான் இருக்கு."

அந்த வாரம் முழுவதும் தஸ்நேவிஸ் ஷிஃப்ட் முடிந்து வந்து பெட்டியோடு தனியாக ஆடினார். பெட்டி ஒவ்வொரு முறையும் மூலையில் போய் நின்றது. ஒவ்வொரு முறையும் தோற்றது. யாரும் அவர் பின்னால் நிற்கவில்லை. நான் ஒரு தடவை நின்றேன். திரும்பிப் பார்த்தார். நான் நகர்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு மதுரைக்காரர்கள் வேனில் வந்தார்கள். துண்டில் சுற்றிய போர்டை மேசையில் வைத்தார்கள். ஜெனோவா வலது குச்சியைத் திரும்ப மாட்டியிருந்தார். திருகுகளை அழுத்தி முடுக்கியிருந்தார்.

முதலில் ஆடியது நான். முதலில் தோற்றதும் நான். என்னைத் தோற்கடித்தவன், கடை வழக்கத்தைக் கேட்டு முழித்தான். "ஒரே மாதிரி ரெண்டு தடவை அடிச்சீங்கண்ணே, அதான்" என்றான். உண்மைதான்.

அடுத்து தஸ்நேவிஸ். இடது குச்சியைப் பிடித்தார். என்னைத் தோற்கடித்தவனை மூலையில் போட்டார். மூன்று உதை, பிடி. எங்கள் பையன்கள் கத்தினார்கள். இரண்டாவது ஆளும் அதே மூலையில் விழுந்தான்.

"எதனால?" என்றார் ஜெனோவா ஒவ்வொரு முறையும்.

"கை வேகம்" என்றார் தஸ்நேவிஸ்.

மதுரையின் கடைசி ஆள் சிக்கந்தர். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு தஸ்நேவிஸின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வந்து வலது குச்சியைப் பிடித்தான்.

"என்னக்கா, குச்சி கல்லு மாதிரி இருக்கு?"

"ஒரு வாரம் ஆள் இல்ல" என்றார் ஜெனோவா.

மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் சிக்கந்தர் மூலையில் மாட்டினான். மூன்று உதை, பிடி. தோற்றான். இரண்டாவது ஆட்டத்தில் அவனாகவே மூலைக்குப் போய் நின்ற மாதிரி எனக்குத் தோன்றியது. ஒரு உதை. இரண்டு. மூன்று. தஸ்நேவிஸ் பிடிக்கப் போனார். பிடி விழவில்லை. சிக்கந்தர் வெளியே நின்றான்.

தஸ்நேவிஸின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. பிடி தவறினால் அடுத்து என்ன செய்வது என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. அந்த ஆட்டம் போனது. அடுத்ததும் போனது.

மிச்சம் இசக்கி மட்டும்தான்.

சிக்கந்தர் இசக்கியை மூலைக்குக் கொண்டு போனான். அதே மூன்று உதை. அதே பிடி. இசக்கி குச்சியைப் பின்னால் இழுத்து இழுத்துப் பார்த்தான். விழுந்தான், எழுந்தான், விழுந்தான். ஒரு ஆட்டம் போய்விட்டது. இன்னொன்று போனால் போர்டு போய்விடும்.

ஜெனோவா அடுத்த டோக்கனை எடுத்தார். போடவில்லை.

"தஸ்நேவிஸண்ணே, இசக்கிக்கு நீங்க இன்னும் காரணம் சொல்லல."

கார் பெட்டிப் பக்கம் நின்றவர்களும் திரும்பினார்கள்.

"இப்பவா? இவங்க முன்னாலயா மாஸ்டர்?"

"இப்பத்தான்."

 தஸ்நேவிஸ் இசக்கியின் பக்கம் திரும்பினார்.

"கை வேகம் இல்லலே. மூணாவது உதை முடியுததுக்குள்ளயே நான் பிடியை அமுக்கிருவேன். நீ உதையைத் தடுத்துக்கிட்டே இருக்கதால பிடி விழுந்துரும்."

"சரிண்ணே. அதுல இருந்து எப்படி வெளிய வாரது?"

தஸ்நேவிஸ் கையை விரித்தார். 

"எனக்குத் தெரியாதுலே. நம்மள்ல எவனும் வெளிய வரலயே."

இசக்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திரையைப் பார்த்தான். "போடுங்கக்கா" என்றான்.

டோக்கன் விழுந்தது. இசக்கி மூலைக்குப் போகாமல் நன்றாகவே ஆடினான். இரண்டு பேருக்கும் திரையில் உயிர் நூலளவுதான் மிச்சம் இருந்தது. கடைசியில் ஒரு காலடி பின்னால் வைத்தான். பின்னால் மூலை.

போர்டை ஜெனோவாவே கழற்றினார். தன் கடைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். மதுரைக்காரர்கள் கிளம்பினார்கள்.

"தம்பி, நில்லுங்க" என்றார். "இங்க ஜெயிச்சவன் சொல்லிட்டுத்தான் போகணும்."

சிக்கந்தர் சிரித்தான். யாரும் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"மூணாவது உதைக்கும் பிடிக்கும் நடுவுல ஒரு மூச்சு இடைவெளி இருக்குக்கா. எல்லாரும் பயந்து பின்னால இழுப்பாங்க. முன்னால தள்ளி, பிடியை அமுக்கணும். எங்க கடையில இது பழசு. ஆளாளுக்கு மூலையில போட்டு, ஆளாளுக்கு வெளிய வந்து, தீர்ந்து போச்சு." தஸ்நேவிஸைப் பார்த்தான். "நீங்க தனியாவே கண்டுபிடிச்சீங்களாண்ணே? பெரிய விஷயம்."

வேன் போய்விட்டது. பெட்டியின் திரை கறுப்பாக இருந்தது. பையன்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். இசக்கி வாசலில் நின்றான். தஸ்நேவிஸ் பெட்டியின் முன்னால் நின்றார். திரையில் அவர் முகம் மட்டும் தெரிந்தது.

"எல்லாம் போச்சு மாஸ்டர். இனி இதுல என்ன இருக்கு?"

ஜெனோவா ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்து டிராயரில் வைத்தார்.

"ரெண்டு குச்சி இருக்குல்லா."

 தஸ்நேவிஸ் இடது குச்சியைப் பிடித்தார். வாசலில் நின்றவனைப் பார்க்காமலே சொன்னார்.

"ஏல, வா. நீ மூலையில நிக்க. முதல் உதை."

இசக்கி வந்து வலது குச்சியைப் பிடித்தான்.

"ரெண்டாவது. மூணாவது. இப்பத் தள்ளு."

"தள்ளிட்டேன்."

"லேட்டு. திரும்ப."

மறுநாள் அந்தக் கறுப்புத் திரைக்குக் கீழே, விளிம்பில் டோக்கன்கள் வரிசையாக இருந்தன.

கடை இருந்த இடத்தில் இப்போது மருந்துக் கடை இருக்கிறது. பெட்டி தஸ்நேவிஸ் வீட்டு முன்னறையில் நிற்கிறது. பிடிக்க ஆள் இல்லாமல் வலது குச்சி இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது.