பூதியார் நிமிர்ந்து பாராத முகம்

நெடுவயல் மங்கலத்தில் ஆடவல்ல நாதரின் அமுதுக்கு நெல் குற்றித் தந்தவர் பூதியார். விடியும்முன் நீராடி, நெற்றியில் நீறு பூசி, உலக்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஓங்கும்போது ‘நாதா’ என்பார். இறக்கும்போது ‘முகம் காட்டு’ என்பார். முப்பது ஆண்டுகளாக இதுவே அவருடைய வழிபாடு. வேறு மந்திரம் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சோழர் ஆண்ட அக்காலத்து முறைப்படி, அவர் கோயிலுக்கு வந்து சேர்ந்தது மிக ஒழுங்காகவே நடந்தது. பத்தொன்பது வயதில் கணவரை இழந்தார். அண்ணன் நற்கதி அடையும்பொருட்டு, கொழுந்தன்மார் இரண்டு விளக்குகளையும் பன்னிரண்டு பசுக்களையும் அண்ணியையும் கோயிலுக்குத் தானம் செய்து கல்லில் வெட்டி வைத்தார்கள். பசுக்களின் நிறம்கூட அக்கல்லில் உண்டு. அண்ணியைப் ‘பெண் ஒன்று’ என்று முடித்துக்கொண்டார்கள். கல்லில் இடம் குறைவு.

தானமாக வந்த பொருள் நாதருடையது. ஆயினும் கைம்பெண்ணாகிய அது நாதரைப் பார்க்கலாகாது. பார்த்தால் தெய்வத்துக்கு ஆகாது என்று ஊர்ச்சபை மூன்று நாள் கூடி ஆராய்ந்து முடிவு செய்திருந்தது. தெய்வத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை. நாதர் உலா வரும் நாளில் பூதியார் உரல் கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கொட்டுமுழக்கு நெருங்கும். புகையின் மணம் கதவிடுக்கில் நுழையும். பின் எல்லாம் விலகிப் போகும். கன்னத்தைக் கதவில் வைத்தபடி அவர் நிற்பார். கண் எப்படி இருக்கும்? இதழ் சிரித்திருக்குமா, மூடியிருக்குமா? பார்த்தவர்களைக் கேட்டால், நாதர் போட்டிருந்த நகையைப் பற்றித்தான் சொன்னார்கள்.

கோயிலின் பெரிய உரலில் இருவர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் குற்றவேண்டும். கண் உரலை விட்டு அகலக்கூடாது. எதிரே நிற்பவள் முகத்தைப் பார்த்தால் உலக்கையோடு உலக்கை மோதி அரிசி நொறுங்கும். நொறுங்கிய அரிசி அமுதுக்கு ஆகாது. பூதியாருக்கு எதிரே இருபது ஆண்டுகள் நின்ற சாத்தி என்பவள், அந்த மார்கழியில் காய்ச்சல் கண்டு இறந்தாள். ஆதிரைத் திருநாள் காலையில் எதிரே நிற்க ஆளில்லை.

“தாலியறுத்தவ எதிர நின்னு குத்தினா எங்க தாலி என்னாகுறது?” என்றார்கள் மற்றப் பெண்கள்.

“சாத்தி நின்னாளே! அவ புருசன் இன்னும் கல்லு மாதிரி இருக்கானே?” என்றார் பூதியார்.

“அவதான போயிட்டா!”

மடைப்பள்ளிக் கண்காணி எட்டிப் பார்த்தார். “உச்சிக்குள்ள அரிசி வரணும். இல்லேன்னா நாளைக்கே உன்னை ஆத்துக்கு அக்கரை மாட்டுக்கொட்டிலுக்கு அனுப்பிடுவேன்.”

அக்கரையில் கொட்டுமுழக்குக்கூடக் கேட்காது. பூதியார் உலக்கையை எடுத்தார். தனியாகவே குற்றத் தொடங்கினார்.

“நான் வரட்டுமா அக்கா?” என்று வாசலில் ஒரு பெண்குரல் கேட்டது.

“யார் வீட்டுப் பொண்ணும்மா நீ?” உரலில் வைத்த கண்ணை அவர் எடுக்கவில்லை.

“பெத்தவங்க இல்லாதவ.”

“என் எதிர நின்னா உன் வீட்டுக்கு ஆகாதும்பாங்க.”

“எங்க வீட்ல சாவு கிடையாதுக்கா.”

“எல்லாரும் அப்படித்தாம்மா நெனச்சுக்கிட்டு இருக்கோம்” என்று பெருமூச்சு விட்ட பூதியார், “சரி, உலக்கைய எடு” என்றார்.

வந்தவளுக்கு வேலை வரவில்லை. தாளம் மட்டும் தப்பவில்லை.

“ஏண்டி, குத்தச் சொன்னா ஆடுறே? ஒத்தக்காலத் தூக்கிக்கிட்டு நின்னா எப்படி? ரெண்டையும் ஊனு!”

“பழக்கம்க்கா.”

“நல்ல பழக்கம்! அரிசி நொறுங்கினா நாதருக்கு யாரு பதில் சொல்றது?”

உச்சிக்கு முன் அரிசி தயாரானது. “கை எரியுதுக்கா, கழுவிட்டு வரேன்” என்று போனவள் திரும்பவில்லை.

பூசை செய்யும் ஈசானர் திரையை விலக்கினார். நாதரின் தோளெல்லாம் தவிடு. அருள் காட்டும் கை சிவந்து கொப்புளித்திருந்தது. கோயில் முழுக்கக் கூச்சல் எழுந்தது. செய்தி கொட்டிலுக்கு வந்ததும் பூதியார் உரலைக் கட்டிக்கொண்டு அழுதார்.

“எதிரயே நின்னாரே! பாவி நான் உரலையே பாத்துக்கிட்டு இருந்தேனே! ஒருதரம் நிமிரலையே!”

அதைக் கேள்விப்பட்ட ஈசானர் அவரை உள்ளே அழைத்துவரச் சொன்னார். சபைத் தலைவர் சோமாசியார் வாசலை மறித்தார். “இருந்தாலும் கைம்பெண் பார்வை...”

“காலையிலேருந்து இவங்க எதிரதான் சுவாமி நின்னிருக்கார். கை கொப்புளிச்சதைத் தவிர அவருக்கு ஒண்ணும் ஆகலை.”

“சபை கூடித்தான் முடிவு பண்ணணும். மூணு நாள் ஆகும்.”

அப்போது கருவறையிலிருந்து ஒரு குரல் எல்லார் காதிலும் விழுந்தது.

“அக்கா இன்னும் வரலையா?”

சோமாசியார் விலகினார். பூதியார் உள்ளே நடந்தார். ஈசானர் விளக்கை உயர்த்தினார். முப்பது ஆண்டு ஏங்கிய கண்கள் மெல்ல நிமிர்ந்தன; பிறகு தாழவேயில்லை. உச்சிக்கால அமுது ஆறிக்கொண்டிருந்தது. ஈசானர் உயர்த்திய விளக்கை இறக்கவில்லை.

இறைவரையே எதிரில் நிறுத்திவிட்டு, அவருடைய சோற்றில் கண்ணாயிருந்த பூதியார் திருவடி வாழ்க.