சடையாண்டியின் எட்டு நாள் வயிற்றுவலி

மாங்குளத்துப்பட்டியில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அங்கே அறிவு இருந்தது. ஒரு ஆளுக்கான அறிவை நாலு பேர் பங்கு போட்டு வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த நாலு பேர் சடையாண்டி, ஒச்சப்பன், பொன்னுரங்கம், மாயழகு. காத்தாயி அம்மன் பல்லக்கைத் தூக்குகிறவர்கள். நாலு மூலைக்கு நாலு தோள். தூக்கித் தூக்கிப் பழகியதில், எந்த வேலையையும் நாலாகப் பிரித்தால்தான் அவர்களுக்கு ஓடும். ஒருவன் தும்மினால் மற்ற மூவரும் ஆளுக்கொரு தும்மல் போட்டு உதவுவார்கள்.

சடையாண்டிக்கு மூன்று நாளாக வயிற்றுவலி. நின்றால் வலி, உட்கார்ந்தால் அதைவிட வலி. திருவிழாவுக்கு ஐந்தே நாள். பல்லக்கின் முன் மூலை அவன் அப்பனிடமிருந்து அவனுக்கு வந்தது. அதை வேறொருத்தன் தோளில் பார்ப்பதைவிடச் செத்துப்போகலாம் என்று அழுதான். பாவம், நிஜமாகவே அழுதான்.

வைத்தியர் ஏகாம்பரம் இருந்தது பக்கத்து ஊரில். சடையாண்டியால் நடக்க முடியாது. ஆகவே வேலையைப் பிரித்தார்கள். வலியைச் சடையாண்டி பார்த்துக்கொள்வது, நாடியை ஒச்சப்பன் காட்டுவது, நாக்கைப் பொன்னுரங்கம் நீட்டுவது, முனகலுக்கு மாயழகு. அப்படியே மூவரும் போய் நின்றார்கள்.

வைத்தியர் நாடியைப் பிடித்தார், நாக்கைப் பார்த்தார், முனகலைக் கேட்டார். பிறகு, வயிற்றுவலிக்காரன் எங்கே என்றார்.

"அவன் வீட்டுல வலிச்சுக்கிட்டு இருக்கான்யா" என்றான் ஒச்சப்பன்.

வைத்தியருக்கு அன்று வேறு நோயாளிகளும் இருந்தார்கள். திருவிழாவுக்கு வரும்போது பார்ப்பதாகச் சொன்னார். அதுவரை தினம் ஒரு சாப்பாட்டுச் சாமானை விட்டுப் பார்க்க வேண்டும். எதை விட்டால் வலி நிற்கிறதோ அதுதான் காரணம் என்றார். நல்ல யோசனைதான். கேட்டவர்கள்தான் சரியில்லை.

சடையாண்டி சாப்பிடுவது நாலு சாமான்: கம்மங்கூழ், மோர், கருவாடு, கத்திரிக்காய். நாலு பேர் இருக்கும்போது நாலு நாள் எதற்கு என்று ஒரே நாளில் முடித்தார்கள். மறுநாள் காலை பஞ்சாயத்து கூடியது.

"நான் கூழை விட்டேன். எனக்கு வலிக்கலை" என்றான் ஒச்சப்பன்.

"நான் மோரை விட்டேன். எனக்கும் வலிக்கலை" என்றான் பொன்னுரங்கம்.

"நான் கருவாட்டை விட்டேன். சுத்தமா வலிக்கலை" என்றான் மாயழகு.

"நான் கத்திரிக்காயை விட்டேன்டா. உயிர் போகுது" என்றான் சடையாண்டி.

ஒச்சப்பன் நெடுநேரம் யோசித்தான். "அப்ப மத்த மூணுந்தான் வலிக்குக் காரணம். கத்திரிக்காய்தான் இவ்வளவு நாளா உன்னைக் காப்பாத்தி இருக்கு."

அதற்குப் பிறகு மூன்று வேளையும் கத்திரிக்காய். அவித்தது, சுட்டது, கடைந்தது. வலி இம்மியும் குறையவில்லை. கத்திரிக்காயைப் பார்த்தால் குமட்டலும் சேர்ந்துகொண்டது.

திருவிழா வந்தது. பல்லக்கு ஜோடித்தாயிற்று, மேளம் கொட்டுகிறது. முன் மூலையில் சடையாண்டி இரண்டாக மடிந்து நின்றான். சாமி கும்பிட வந்த வைத்தியர் அவன் மேல்துண்டை விலக்கிப் பார்த்தார். பல்லக்குத் தூக்க இடுப்பில் கட்டும் ஒன்பது முழக் கச்சை வயிற்றுச் சதைக்குள் புதைந்து கிடந்தது.

"இதை எப்பக் கட்டினே?"

"பல்லக்கு வெள்ளோட்டத்தன்னிக்குங்க. எட்டு நாளாச்சு. அம்மன் ஊர் சுத்தி வர்ற வரைக்கும் அவிழ்க்கக் கூடாதுன்னு பூசாரி சொன்னாருங்க."

"வலி எப்ப வந்துச்சு?"

"அதுவும் அன்னிக்குத்தாங்க. ஆனா ரெண்டுக்கும் ஒண்ணுக்கொண்ணு பழக்கம் இருக்கிற மாதிரி தெரியலீங்க."

மற்ற மூவரின் கச்சையும் வெள்ளோட்டத்தன்று மாலையே தானாக நழுவி விழுந்துவிட்டதாம். தாங்கள் அவிழ்க்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள். சடையாண்டிக்கு மட்டும் மூவரும் சேர்ந்து இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

பூசாரி தலையில் அடித்துக்கொண்டு சம்மதிக்க, வைத்தியரே முடிச்சை அவிழ்த்தார். வலி போன இடம் தெரியவில்லை. எட்டு நாள் கழித்து நிமிர்ந்த சடையாண்டி, காத்தாயியைப் பார்த்துக் கண்கலங்கச் சிரித்தான்.

கச்சை இல்லாமல் பல்லக்குத் தூக்கும் வழக்கம் கிடையாது. தாராளமாகக் கட்டலாம், ஆனால் உள்ளே இரண்டு விரல் இருக்க வேண்டும் என்று வைத்தியர் தம் விரல்களைச் சடையாண்டியின் இடுப்பில் வைத்துக் காட்டினார். அங்கேதான் தப்புச் செய்தார்.

"யாரு விரலை வைக்கிறது? நம்ம எட்டுக் கையும் பல்லக்குத் தண்டைப் பிடிக்கணுமே" என்றான் பொன்னுரங்கம்.

"ஐயா விரல்தான் ஏற்கெனவே இருக்குல்ல" என்றான் மாயழகு.

வைத்தியர் வாயைத் திறப்பதற்குள் கச்சையைச் சுற்றி முடிச்சும் போட்டுவிட்டார்கள். அம்மன் தோளுக்கு ஏறிவிட்டாள். ஏறிய பல்லக்கை ஊர் சுற்றி முடிக்காமல் இறக்கக் கூடாது.

நாலு வீதியும் வைத்தியர் சடையாண்டியின் இடுப்போடு ஒட்டிக்கொண்டே நடந்தார். இது ஏதோ பெரிய மரியாதை போலிருக்கிறது என்று ஊரார் அவர் காலிலும் தண்ணீர் ஊற்றினார்கள், கழுத்தில் மாலையும் போட்டார்கள். சடையாண்டிக்குக் கடைசிவரை துளி வலி இல்லை.

மறுவருஷம் வைத்தியர் வீட்டுக்குத் திருவிழா அழைப்பு வந்தது. மேளம், வாணவேடிக்கை, அன்னதானம் எல்லாம் யார் யார் உபயம் என்று வரிசையாகப் போட்டுவிட்டு, கடைசியில் எழுதியிருந்தார்கள்: "விரல் இரண்டு: வைத்தியர் ஏகாம்பரம் உபயம்."